பனிக்கால வளவும் பறவைகளும்: முதற்தடவை தீனி வைப்பவர்களுக்கு

டிசெம்பர் கடைசியில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை. மிச்சம் பதினைந்தும் இரவு. அந்த இரவை, சில நாட்களில் சைபருக்குக் கீழே 20 பாகைக் குளிரில், ஒரு சிக்கடீக் குருவி ஏதாவதொரு மரப்பொந்துக்குள் தனியே கழிக்கிறது. அதன் எடை சுமார் 11 கிராம். லூனி எனும் கனடிய ஒரு டொலர்க் காசு இரண்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். பகல் முழுக்கத் தின்று சேர்த்த கொழுப்பை இரவு முழுக்க நடுங்கி நடுங்கி எரிக்கிறது. அதுவும் போதாமல் தன் உடல் வெப்பத்தையே பத்துப் பாகைவரை தாழ்த்திக்கொள்கிறது. விடியும்போது கையிருப்பு அநேகமாகத் தீர்ந்திருக்கும். மறுபடி முதலில் இருந்து தொடங்கவேண்டும்.

பனிக்காலத்தில் பறவைக்கு உதவுவதென்றால் அந்த ஓர் இரவைக் கடத்திவிட உதவுவது. எதை வைப்பது, எங்கே வைப்பது, எத்தனை மணிக்கு வைப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் பக்கம் முதன்முதலாகப் பின்வளவு உள்ள வீட்டுக்கு வந்திருப்பவர்களை நினைத்து இதை எழுதுகிறேன்.

சோற்றில் இருந்து தொடங்கவேண்டியிருக்கிறது. ஊரில் அம்மா உலை இறக்கியதும் முதல் பிடி காகத்துக்குத்தான். நானும் இங்கே வந்த முதல் பனிக்காலத்தில் டெக்கின் மூலையில் ஒரு பிடி சோறு வைத்தேன். அரை மணித்தியாலத்தில் அது கல்லாகிவிட்டது. ஒரு குருவியும் வரவில்லை. இரவில் எலி வந்தது. பங்குனியில் பனி கரைந்தபோது டெக்கின் அடியில் வளை. சோறும் பாணும் பறவைக்கு நஞ்சல்ல, ஆனால் இந்தக் குளிருக்கு அவை உதவாது. ஈரமானவை, உறைந்துபோகும், கொழுப்பும் இல்லை. கறி பட்ட சோற்றில் உப்பும் இருக்கும். சிக்கடீயின் வயிறு சிறியது. அதில் ஒரு தடவை எதை நிரப்புகிறோம் என்பது அதற்கு உயிர்ப் பிரச்சினை.

இன்னொரு பயமும் பலருக்கு உண்டு: பழக்கிவிட்டு இடையில் நிறுத்தினால் பறவை பட்டினி கிடந்து செத்துப்போகாதா? அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 1980களில் சிக்கடீகளுக்கு வளையம் மாட்டி இதை ஆராய்ந்தார்கள். தீனி கிடைத்த குருவிகளில் 69 சதவீதம் பனிக்காலத்தைத் தாண்டின, கிடைக்காதவற்றில் 37 சதவீதம். கடுங்குளிர் மாதங்களில்தான் இந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது. பிறகு, வருடக்கணக்காகத் தீனி வைத்த இடமொன்றில் அதை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது, அங்கே இருந்த குருவிகளும் காட்டுக் குருவிகளைப் போலவே பிழைத்துக்கொண்டன. ஆக, நீங்கள் இரண்டு கிழமை ஊருக்குப் போய்வந்தால் குற்றமில்லை. நீண்ட குளிர் நடுவில் திடீரென்று நிறுத்தாமல் இருந்தால் போதும்.

ஒக்ரோபர்: முதலில் யன்னல்

தீனி வாங்க ஓடுவதற்கு முன் வீட்டைச் சுற்றி வந்து யன்னல்களைப் பாருங்கள். நான் இதைச் செய்யவில்லை. இரண்டாவது பனிக்காலத்தில் ஒரு நாள் காலை சமையலறைக் கண்ணாடியில் டொக்கென்று ஒரு சத்தம். வெளியே போய்ப் பார்த்தேன். ஒரு ஜங்கோ, சாம்பல் முதுகும் வெள்ளை வயிறுமாக, டெக்கில் மல்லாந்து கிடந்தது. கையில் எடுத்தபோது இன்னும் சூடு இருந்தது, கழுத்து மட்டும் நிற்கவில்லை. கண்ணாடியில் அதன் இரண்டு சிறகும் விரிந்தபடி மாப் பூசியதுபோல் பதிந்திருந்தன. நான் வைத்த தீனிக்குத்தான் அது வந்தது.

கனடாவில் ஆண்டுக்கு 1.6 கோடியில் இருந்து 4.2 கோடி வரையான பறவைகள் கண்ணாடியில் மோதிச் சாகின்றன என்று 2013இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. அதில் மிகப் பெரும் பங்கு நகர நடுவின் கோபுரங்களில் அல்ல, எங்களுடையது போன்ற வீடுகளில் நடக்கிறது. கண்ணாடியில் தெரியும் மரத்தையும் வானத்தையும் பறவை உண்மை என்றே நம்புகிறது. பருந்துப் படம் ஒன்றை ஒட்டிவிட்டால் சரி என்பது பொய்யான ஆறுதல். பறவை அந்தப் படத்தை விலக்கிக்கொண்டு பக்கத்துக் கண்ணாடியில் மோதும்.

செய்யவேண்டியது சுலபம், எங்களுக்குக் கைவந்ததும்கூட. கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் கண்ணாடி முழுக்க வரிசையாகப் புள்ளி வைக்கவேண்டும். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 5 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி வரக் கூடாது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் வைக்கவேண்டும், உள்ளே வைத்தால் பிரதிபலிப்பு மறையாது. இதற்கென்றே புள்ளி நாடாக்கள் விற்கிறார்கள். ரொறன்ரோவில் 1993இல் தொடங்கிய ஃபிளாப் கனடா என்ற அமைப்பு சொல்லும் அளவும் இதுதான். குளிர் இறங்கிவிட்டால் நாடா ஒட்டாது, அதனால்தான் ஒக்ரோபர் என்கிறேன்.

மோதிய பறவை உயிரோடு இருந்தால் மூடியில் துளையிட்ட சப்பாத்துப் பெட்டி ஒன்றில், அடியில் கடதாசித் துவாய் விரித்து வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். தண்ணீர் பருக்காதீர்கள், திறந்து திறந்து பார்க்காதீர்கள். பெட்டிக்குள் படபடக்கத் தொடங்கினால் வெளியே கொண்டுபோய்த் திறந்துவிடலாம். தெளியாவிட்டால் ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்ரருக்கு அழைத்துக் கேளுங்கள்.

அதே மாதம்: வளவைக் கூட்டித் துப்புரவாக்காதீர்கள்

எங்கள் ஆட்களுக்கு இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். விடியற்காலையில் முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்து வளர்ந்தவர்கள். ஆனால் காய்ந்து கறுத்த எக்கினேசியா தலைகளையும் சூரியகாந்தித் தலைகளையும் வெட்டி எறிந்தால், கோல்ட்பிஞ்ச் குருவியின் பனிக்காலச் சாப்பாட்டை வெட்டி எறிகிறோம். அவற்றைச் சித்திரை வரை நிற்க விடுங்கள். விழுந்த இலைகளைச் செடிகளின் அடியில் ஒதுக்கிவிடுங்கள், அதற்குள் பூச்சிகளின் முட்டையும் கூட்டுப்புழுவும் கிடக்கும்.

பாகற்காய்ப் பந்தலையும் பிரிக்காதீர்கள். தீனிக்கு வருகிற குருவி நேரே வந்து இறங்காது. முதலில் எட்ட நின்று நாலு பக்கமும் பார்க்கும். என் வளவில் அப்படிப் பார்ப்பதற்கு அவை தேர்ந்த இடம் அந்தக் காய்ந்த பந்தல்தான்.

செடி நட விரும்பினால் வெள்ளை சீடர் வேலி முதலாவது. காற்றைத் தடுப்பதில் அதற்கு நிகரில்லை, இரவில் குருவிகள் அதற்குள்தான் ஒண்டிக்கொள்கின்றன. பழத்துக்கு சேர்விஸ்பெரி, ஸ்ராக்ஹோர்ன் சூமாக், விண்ரர்பெரி. கடைசியாகச் சொன்னதில் ஆண் செடியும் பெண் செடியும் வேண்டும், இல்லாவிட்டால் காய்க்காது. இவை வளர வருடங்கள் எடுக்கும். இந்தப் பனிக்காலத்துக்கு வேறு வழி இருக்கிறது, கீழே தை மாதப் பகுதியில் சொல்கிறேன்.

நவம்பர்: எதை வைப்பது

ஒரேயொரு தீனிதான் வாங்க வசதி என்றால் கறுப்புச் சூரியகாந்தி விதை வாங்குங்கள். வரி போட்ட பெரிய விதை வேண்டாம், அதன் கோது தடிப்பு. கறுப்பு விதை சிறியது, கோது மெல்லியது, உள்ளே எண்ணெய் அதிகம். சிக்கடீ, கார்டினல், ஹவுஸ் பிஞ்ச், நட்ஹட்ச் எல்லாம் இதற்கு வரும்.

சிக்கடீ அதைத் தின்பதை ஒரு தடவை கிட்ட நின்று பாருங்கள். கறுப்புத் தொப்பி, கறுப்புத் தாடை, நடுவில் வெள்ளைக் கன்னம். வந்து ஒரு விதையை எடுக்கும், பிடிக்காவிட்டால் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கும். கனமான விதையைத் தேர்கிறது. ஒரே ஒரு விதையோடு சீடர் வேலிக்குப் பறந்துபோய், இரண்டு காலாலும் கொப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்து, கொல்லன் சம்மட்டி போடுவதுபோல் அலகால் கொத்தும். டிக், டிக், டிக். கோது பிளந்து விழும். பிறகு அடுத்த விதைக்கு வரும். இடையிடையே விதையைத் தின்னாமல் மரப்பட்டை இடுக்கில் செருகிவிட்டு வரும். அப்படி ஒவ்வொன்றாக நூற்றுக்கணக்கான இடங்களில் ஒளித்துவைத்து, கிழமைகள் கழிந்த பிறகும் அந்த இடங்களைத் தேடிப் போய் எடுக்கும்.

மலிவு விலைக் கலப்புத் தீனி மூட்டையை வாங்காதீர்கள். பாதிக்கு மேல் சிவப்பு இறுங்கும் கோதுமையும்தான் இருக்கும். இங்கத்தைக் குருவிகள் அவற்றை அலகால் தட்டிக் கீழே எறிந்துவிட்டு அடியில் கிடக்கும் நல்ல விதையைத் தேடும். எறிந்தது எலிக்குப் போகும். கலப்பு வேண்டுமென்றால் சூரியகாந்தியோடு வெள்ளைப் பனிவரகைச் சேருங்கள். ஜங்கோவுக்கும் மோர்னிங் டவ் புறாவுக்கும் அது பிடித்தமானது.

நைஜர் என்று நுண்ணிய கறுப்பு விதை ஒன்று விற்பார்கள், கோல்ட்பிஞ்சுக்கு. அது தமிழகத்தில் உச்செள், பேயெள் என்று விதைக்கிற அதே பயிர்தான். முளைக்காதபடி சூடேற்றித்தான் வட அமெரிக்காவுக்குள் விடுகிறார்கள். கெதியில் பழுதாகிவிடும், பழையதைக் குருவி திரும்பியும் பாராது. சின்னப் பையாக வாங்குங்கள்.

மரங்கொத்திக்கு சூயற் கட்டி வைக்கச் சொல்வார்கள். அது மாட்டுக்கொழுப்பு. குளிருக்கு அதைவிடச் சிறந்த தீனி குறைவு, ஆனாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவர மனமில்லாத குடும்பங்கள் எங்களில் நிறைய உண்டு. அவர்கள் உப்பும் இனிப்பும் சேராத கச்சான் பட்டர் ஒரு பங்குக்கு சோளமா நாலைந்து பங்கு சேர்த்துப் பிசைந்து, பட்டை கரடான மரத்தில் அப்பிவிடலாம். டவுனி மரங்கொத்தி வரும், தலைகீழாக மரத்தில் இறங்குகிற நட்ஹட்ச்சும் வரும். உப்பில்லாத வறுத்த கச்சானைக் கோதோடு ஒரு தட்டில் வைத்தால் புளூ ஜே வரும். அதற்குப் பின்னால் காகமும் வரலாம். எங்கள் ஊர்க் காகத்தின் சாம்பல் கழுத்து இதற்கில்லை, முழுக் கறுப்பு, அதைவிடச் சற்றுப் பெரிது.

திவச நாளில் காகத்துக்குப் படைக்கவேண்டி வந்தால் படையுங்கள். ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு மிச்சத்தை உள்ளே எடுத்துவிட்டால் சரி.

எதில் வைப்பது, எங்கே தொங்கவிடுவது

தொடக்கத்துக்கு விதை நிரப்பித் தொங்கவிடும் ஒரு குழாய் ஃபீடர் போதும், அடியில் தட்டு உள்ளதாகப் பாருங்கள். சின்னக் குச்சியில் தொங்கித் தின்ன சிக்கடீயால் முடியும். கார்டினல் உடம்பு பெருத்தது, அதற்கு நின்று தின்ன இடம் வேண்டும்.

இடத்துக்கு மூன்று கணக்கு இருக்கிறது. அணிலுக்காக 5, 7, 9: நிலத்தில் இருந்து 5 அடி உயரம், பாயக்கூடிய எதிலிருந்தும் பக்கவாட்டில் 7 அடி, மேலே உள்ள கொப்பில் இருந்து 9 அடி. கம்பத்தில் கவிழ்த்த கூம்பு போன்ற தடுப்புத் தகடு ஒன்றும் மாட்டவேண்டும். ஒளிவிடத்துக்காக: புதரோ வேலியோ பத்தடித் தூரத்தில் இருக்கவேண்டும். கூப்பர்ஸ் ஹோக் என்ற வல்லூறு வந்தால் குருவி ஒரே பாய்ச்சலில் மறைய அது போதும், பூனை பதுங்கிப் பாய அது போதாது. யன்னலுக்காக: ஒன்றில் கண்ணாடிக்கு மூன்றடிக்குள் வையுங்கள், அல்லது முப்பது அடிக்கு அப்பால். கிட்ட இருந்தால் பறவைக்கு வேகம் எடுக்க இடமில்லை, மோதினாலும் பலமாக அடிபடாது. இடைப்பட்ட தூரம்தான் ஆபத்து.

அணிலுக்கு மிளகாய்த்தூள் கலக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பறவைக்கு மிளகாயின் காரம் தெரியாது, அணிலுக்குத் தெரியும், அது உண்மை. ஆனால் தூளை அப்படியே தூவினால் காற்றில் பறந்து கண்ணில் படும், உங்கள் கண்ணிலும்தான். தடுப்புத் தகடே நல்லது.

விதி ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ரொறன்ரோ நகரசபை 2023 ஏப்ரல் முதல் காட்டு விலங்குகளுக்கும் புறாக் கூட்டத்துக்கும் தீனி போடுவதைத் தடைசெய்திருக்கிறது. நிலத்துக்கு மேலே துப்புரவாக வைத்திருக்கும் குருவி ஃபீடருக்கு இடமுண்டு. அதனால் நிலத்தில் வாரி இறைக்காதீர்கள். ஜங்கோவுக்குத் தாழ்வான தட்டு ஒன்றை வைத்து, இருட்டுமுன் உள்ளே எடுங்கள். மற்ற நகரங்களில் இருப்பவர்கள் தங்கள் நகரசபையில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தொடர்மாடியில் இருப்பவர்கள் கட்டட நிர்வாகத்திடம் கேட்கவேண்டும். பல்கனியில் தீனி வைப்பதைப் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள்.

முதல் குருவி வர இரண்டு கிழமை எடுக்கலாம். ஃபீடரை இடம் மாற்றி மாற்றி வைக்காமல் பொறுத்திருங்கள். முதலில் வருவது அநேகமாகச் சிட்டுக்குருவியாக இருக்கும். அது ஊரில் எங்கள் வீட்டு முகட்டில் கூடு கட்டிய அதே இனம். 1850களில் இங்கிலாந்தில் இருந்து நியூயோர்க்குக்குக் கொண்டுவந்து விட்டது இங்கேயும் பரவிவிட்டது.

டிசெம்பர்: தண்ணீரும் நேரமும்

எல்லாம் உறைந்து கிடக்கும்போது தண்ணீர்தான் கிடைக்காத பொருள். பனிக்கட்டியைத் தின்றும் பறவையால் சமாளிக்க முடியும், ஆனால் அதை உருக்க உடம்பின் சூட்டையே செலவழிக்கவேண்டும். சூடேற்றும் தண்ணீர்த் தட்டுகள் விற்கின்றன, வெளிப்புறப் பாதுகாப்புப் பிளக்கில் மட்டும் பொருத்துங்கள். அது இல்லாவிட்டால் ஒரு ரப்பர் சட்டியில் காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு அங்குல ஆழத்துக்கு ஊற்றி, நிற்க ஒரு கல்லும் வையுங்கள். மண்சட்டி உறைந்து வெடிக்கும். உறையாமல் இருக்க உப்போ வேறு எதுவோ கலக்கவே கூடாது.

ஃபீடரைப் பின்னேரம் மூன்று மணிக்கு நிரப்புங்கள். இரவுக்குள் போவதற்கு முந்திய கடைசி வேளைச் சாப்பாடு அது. விடிந்ததும் வருகிறவற்றுக்கும் மிச்சம் இருக்கும். மங்கலில் கடைசியாக வருவது கார்டினல் சோடிதான். மற்ற எல்லாம் போன பிறகு, நிறமே தெரியாத வெளிச்சத்தில், "சிப்" என்று ஒரு சின்னச் சத்தம் வேலிக்குள் கேட்கும். பிறகு ஆணின் சிவப்பு மட்டும் தட்டில் இறங்கும்.

தை: பனிப்புயலும் எறிந்த மரங்களும்

நத்தார் முடிந்து தெருவோரங்களில் மரங்களை எறிந்திருப்பார்கள். ஒன்று இரண்டை இழுத்து வந்து, மினுங்கல் நாடாவும் கம்பியும் இல்லாமல் பார்த்து, ஃபீடருக்குப் பத்தடி தள்ளிச் சரித்து வையுங்கள். வேலி வளரும்வரை அதுதான் வேலி.

பனிப்புயலுக்கு முந்திய பின்னேரம் வழக்கத்தைவிடக் கூட்டமாக வந்து தின்னும். அன்று நிறைய வையுங்கள். மறுநாள் காலை உங்கள் வாகனத்தைத் தோண்டி எடுக்குமுன் ஃபீடரின் துவாரங்களில் அடைந்த பனியைத் தட்டிவிடுங்கள். அதற்கு ஐந்து நிமிடமும் ஆகாது.

மாசி: கழுவுதல்

பலர் கைவிடுவது இங்கேதான். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஃபீடரைக் கழற்றி, சோப்பால் உரஞ்சி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி, முழுக்கக் காயவிட்டு நிரப்புங்கள். ஈர விதையில் பூஞ்சணம் வரும். கூட்டமாகத் தின்னும் இடத்தில் சல்மொனெல்லா பரவும். இறகை உப்பிக்கொண்டு கிட்டப் போனாலும் பறக்காமல் இருக்கும் பறவையையோ, கண் வீங்கி ஒட்டிப்போன ஹவுஸ் பிஞ்சையோ கண்டால் எல்லாவற்றையும் இறக்கி இரண்டு கிழமை மூடிவையுங்கள். கழுவ நேரமில்லாதவர் ஃபீடர் வைக்காமல் செடி மட்டும் நடுவது பறவைக்கு நல்லது. இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்.

பிள்ளைகள் இருந்தால் கிழமைக்கு ஒருநாள் எண்ணச் சொல்லுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் முடிய நடக்கும் ப்ரொஜெக்ட் ஃபீடர்வோச் கணக்கெடுப்பு 1976இல் இதே ஒன்ராறியோவில்தான் தொடங்கியது. இப்போது பேர்ட்ஸ் கனடாவும் கோர்னெல் பறவையியல் ஆய்வகமும் சேர்ந்து நடத்துகின்றன. எண்ணத் தொடங்கிய பிறகுதான் என் மகளுக்கு ஆண் டவுனியின் பிடரியில் சிவப்புப் பொட்டு இருப்பதும் பெண்ணுக்கு அது இல்லாததும் கண்ணில் பட்டது.

ஏப்ரல்: எப்போது இறக்குவது

பனி கரைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். பங்குனியும் சித்திரைத் தொடக்கமும் இயற்கையில் தீனி மிகக் குறைந்த காலம், பழைய விதை தீர்ந்திருக்கும், பூச்சி இன்னும் வெளிவந்திராது. ஏப்ரல் முடியும்வரை வையுங்கள். வடக்கே கரடி உலாவும் பகுதியில் வீடு உள்ளவர்கள் மட்டும் கரடி விழிக்குமுன் இறக்கவேண்டும். ஜங்கோக்கள் அந்த நாட்களில் ஒரு காலை திடீரென்று இல்லாமல் போகும், வடக்கே காடுகளுக்குப் போய்விட்டன.

பிறகு தும்புத்தடி எடுத்து நிலத்தில் கிடக்கும் கோதை எல்லாம் கூட்டி அள்ளுங்கள். சூரியகாந்திக் கோதில் வேறு செடிகளை முளைக்கவிடாத சாரம் இருக்கிறது. அதைத் தோட்டப் பாத்தியில் கொத்திவிட்டால் மே கடைசியில் வைக்கிற மிளகாயும் கத்தரியும் சோர்ந்துபோகும். ஃபீடர் வைக்கும் இடத்தைப் பாத்திக்கு எட்டவாகத் தேர்ந்தால் இந்தத் தொல்லையே இல்லை.